டாட்சன் 240 இசட் வாங்கப் போகிறேன், கூரையில் யாரோ பிற்பாடு வெட்டிப் போட்ட சன்ரூஃப் இருக்கிறது. வாங்கலாமா?

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. டர்பனிலேயே உள்ள ஃபீனிக்ஸில் 1972ஆம் வருடத்து டாட்சன் 240 இசட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பெயிண்ட்டும் பரவாயில்லை. கூரையில் மட்டும் பின்பக்கம் தூக்கித் திறக்கிற கண்ணாடி சன்ரூஃப். எண்பதுகளில் போட்டது என்கிறார் விற்பவர், ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்றும் சொல்கிறார். கூடப் போன நண்பர்களோ, கூரையை வெட்டின வண்டியைத் தொடவே கூடாது என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேச்சையும் ஓரமாக வையுங்கள். டர்பனில் பேனல் பீட்டிங், அதாவது வண்டியின் உடல் தகட்டைச் செப்பனிடுகிற தொழிலிலேயே என் காலம் போயிருக்கிறது. பிற்பாடு வெட்டின சன்ரூஃப்களில் நாற்பது வருடம் கழித்தும் கெடாமல் இருப்பதையும் கழற்றியிருக்கிறேன், நாலு வருடத்தில் கூரையைத் தின்றுவிட்டதையும் கழற்றியிருக்கிறேன். வித்தியாசம் கண்ணாடியில் இல்லை. தகட்டை வெட்டின ஆள் அந்த வெட்டு விளிம்பை என்ன செய்தார், வெட்டும்போது கூடவே எதை அறுத்தார், உள்ளே இறங்கின தண்ணீர் எங்கே போய்த் தங்கியது, இந்த மூன்றுதான் கேள்வி. மூன்றையும் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியும்.

முதலில் ஒன்று. 240 இசட் 1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரோடு அறிமுகமான வண்டியின் ஏற்றுமதி வடிவம். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 1973 வரைக்கும் வந்தது. அதற்குத் தொழிற்சாலையில் சன்ரூஃப் போட்டுக் கொடுத்ததே இல்லை. அதனால் எந்த 240 இசட்டில் சன்ரூஃப் இருந்தாலும் யாரோ ஒருவர் ரம்பம் வைத்து அறுத்ததுதான், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. போர்ஷே 911, பிஎம்டபிள்யூ ஈ30 மாதிரி வண்டிகளில்தான் "இது கம்பெனி போட்டதா, வெளியே போட்டதா" என்று பார்க்க வேண்டியிருக்கும். கம்பெனி போட்டதில் கூரைக்கு அடியில் அச்சில் அழுத்தின தகட்டுத் தட்டு ஒன்று ஸ்பாட் வெல்டிங்கோடு உட்கார்ந்திருக்கும், நாலு மூலையிலும் வடிகால் குழாய் இருக்கும். போர்ஷேயில் ஆப்ஷன் பட்டியலில் 650 என்ற எண் இருந்தால் மின்சார சன்ரூஃப் தொழிற்சாலையிலிருந்தே வந்தது என்று அர்த்தம்.

நம் ஊரில் அந்தக் காலத்தில் இத்தனை பேர் ஏன் கூரையை அறுத்தார்கள் என்றால், வெயில்தான் காரணம். ஏசி இருந்த வண்டிகள் அப்போது குறைவு. 240 இசட்டுக்குப் பின்னால் பெரிய சாய்வுக் கண்ணாடி, ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில் உள்ளே அடுப்புச் சூடு. அப்ஹோல்ஸ்டரி கடைகளில் கிட் வாங்கி ஒரே நாளில் போட்டுக் கொடுத்தார்கள். ஆகவே அதைப் போட்டவரை முட்டாள் என்று நினைக்க வேண்டாம். வேலை எப்படி நடந்தது என்று மட்டும் பாருங்கள்.

நீங்கள் சொல்கிற வகை, முன்னால் கீல், பின்னால் கைப்பிடி, தேவைப்பட்டால் கண்ணாடியை மொத்தமாகக் கழற்றி வைக்கலாம். இதன் அமைப்பு எளிமையானது. அட்டை அச்சை வைத்துக் கோடு போட்டுக் கூரைத் தகட்டை வெட்டுவார்கள். மேலே ஒரு சட்டம், உள்ளே ஒரு வளையம், இரண்டையும் சுற்றி வர ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் நடுவில் தகடு நெருக்கிப் பிடிக்கப்படும். கூரைக்குள் மறைந்து நகர்கிற வகையில் இருப்பது போல இதற்குத் தட்டும் கிடையாது, வடிகாலும் கிடையாது. தண்ணீரைத் தடுப்பது இரண்டே ரப்பர்: கண்ணாடியைச் சுற்றி ஒன்று, சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஒன்று. முதல் ரப்பர் போனால் மடியில் சொட்டும், உடனே தெரிந்துவிடும். இரண்டாவது போனால் சொட்டவே சொட்டாது. தண்ணீர் சட்டத்துக்கு அடியில் புகுந்து வெட்டு விளிம்பிலேயே நின்றுகொள்ளும். விற்பவர் சொல்வது போல ஒரு சொட்டும் உள்ளே விழாமலே கூரை அழுகிப்போவது இப்படித்தான். அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம், கூரையும் கெட்டிருக்கலாம்.

அந்த விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிற்சாலைத் தகட்டின் இரண்டு முகத்திலும் ப்ரைமர் இருக்கும். ரம்பம் அறுத்த இடத்தில் தகட்டின் கனம் மட்டும் பச்சை இரும்பாக வெளியே நிற்கும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கனம். துத்தநாகப் பூச்சு உள்ள வண்டிகளிலும் வெட்டின இடத்தில் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். போர்ஷே 1976 மாடலிலிருந்து 911இன் உடல் முழுவதையும் துத்தநாகம் பூசின தகட்டில் செய்தது, அந்த வண்டியிலும் பிற்பாடு அறுத்த விளிம்பை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 240 இசட்டுக்கு அந்தப் பூச்சும் கிடையாது. நல்ல வேலைக்காரர் அறுத்ததும் பிசிரை அரத்தால் ராவி, இரும்புத்தூளைத் துடைத்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, பெயிண்ட் வைத்து, காய்ந்த பிறகுதான் பியூட்டைல் என்கிற ஒட்டும் ரப்பர்ப் பட்டையோடு சட்டத்தை உட்கார வைப்பார். அவசரக்காரர் அறுத்த கையோடு சட்டத்தை முறுக்கிவிடுவார். நம் கடற்கரைக் காற்றில் இருக்கிற உப்புக்கும் ஈரத்துக்கும் அந்த விளிம்பு எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொரு அடையாளம்: சட்டத்தைச் சுற்றி குளியலறையில் போடுகிற சிலிக்கான் பூசியிருந்தால் உஷாராகுங்கள். புளித்த காடி நாற்றம் அடிக்கிற அந்த வகை சிலிக்கான் காய்கிறபோது அசெட்டிக் அமிலத்தை விடும், பச்சை இரும்பை அது நேராகவே அரிக்கும். அதோடு, யாரும் சும்மா சிலிக்கான் பூச மாட்டார்கள். ஒழுகினதால்தான் பூசியிருப்பார்கள்.

சரி, எப்படிப் பார்ப்பது? விற்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணா, உள் வளையத்து ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப முறுக்கித் தருகிறேன்." அரை மணி நேர வேலை. வண்டியை உண்மையாக நேசித்து வைத்திருப்பவர் பெரும்பாலும் சம்மதிப்பார். சம்மதிக்காவிட்டால் கூரை கெட்டது என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள், வேறு வழியில்லை. ஸ்க்ரூவின் தலை துருவேறி நட்சத்திரம் தேய்ந்திருந்தால் அதுவே பாதிச் செய்தி. வளையம் இறங்கியதும் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து நாலு பக்கமும் விளிம்பைப் பாருங்கள். பெயிண்ட் பூசின விளிம்பில் அங்கங்கே காவி நிறம் மட்டும் என்றால் கவலை வேண்டாம். அடுக்கடுக்காக உப்பி, விரலால் தள்ளினால் உதிர்கிற துரு என்றால் வெளியே தெரிகிற பெயிண்ட்டை நம்பாதீர்கள். தாழ்வான பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள், தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

மூலைகளையும் விடாதீர்கள். வளைவாக அறுக்க வேண்டிய மூலையை ரம்பம் கோட்டைத் தாண்டிக் கீறியிருந்தால் அந்தக் கீறலின் நுனியிலிருந்து தகடு பிளக்க ஆரம்பிக்கும். அப்படி ஒரு பிளவு சட்டத்துக்கு வெளியே பெயிண்ட்டில் மயிரிழையாக எட்டிப்பார்த்தால், சட்டத்துக்கு அடியில் அது இன்னும் நீளமாக இருக்கும்.

அடுத்தது நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைப்பது. கூரைத் தகட்டுக்கு அடியில் இடமிருந்து வலமாக மெல்லிய குறுக்குச் சட்டங்கள் ஓடும். கிட்டின் அளவு பெரிதாக இருந்தாலோ, இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டாலோ, அதையும் சேர்த்து அறுத்திருப்பார்கள். அறுத்தவர் அதன் இரண்டு நுனியையும் புதுச் சட்டத்தோடு இணைத்தாரா, அப்படியே அந்தரத்தில் விட்டாரா? விட்டிருந்தால் கூரையை உள்ளங்கையால் லேசாக அழுத்தும்போது டப் டப் என்று உள்ளே போய் வெளியே வரும். என்2 சாலையில் வேகம் எடுத்தால் முரசு மாதிரி அதிரும். முன் கண்ணாடிக்கு மேலே ஓடுகிற முகப்புச் சட்டத்தையே தொட்டு அறுத்திருந்தால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன், அதைச் சரியாகத் திரும்பக் கட்டுவது கூரை முழுவதையும் மாற்றுகிற வேலை.

கூரையில் ஓட்டை போட்டால் வண்டியே வலுவிழந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துவார்கள். இதில் அளவறிந்து பேச வேண்டும். இந்த மாதிரி வண்டியின் வலுவில் பெரும்பங்கு தரைச் சட்டங்கள், கதவுக்குக் கீழே ஓடுகிற சில், நடுவில் உள்ள கியர் சுரங்கம், தூண்கள், கூரையின் இரு ஓரச் சட்டங்கள் ஆகியவற்றில் இருக்கிறது. ஓரச் சட்டங்களும் முகப்புச் சட்டமும் முழுதாக இருந்து, நடுவில் நடுத்தர அளவு ஜன்னல் ஒன்று இருந்தால் வண்டி மடிந்துவிடாது. கூரையின் பெரும்பகுதியைத் திறக்கிற மடிப்புத் துணிக்கூரை போட்டிருந்தால் கதை வேறு. சோதிக்க எளிய வழி: பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் உயர்த்திவிட்டுக் கதவையும் பின்கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். இடித்துக்கொண்டால் உடல் முறுக்குகிறது. ஆனால் உடனே சன்ரூஃப் மேல் பழி போடாதீர்கள். 240 இசட்டில் தரைச் சட்டமும் சில்லும் அழுகிப்போவதுதான் பழைய நோய், பேட்டரித் தட்டுக்கு அடியிலும் பாருங்கள். அவை கெட்டிருந்தால் கூரையைப் பற்றிய பேச்சே இரண்டாம்பட்சம்.

தண்ணீர்ச் சோதனையை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஹோஸ் பைப்பை எடுத்து நேராகக் கூரையில் அடித்து, கால் வைக்கிற இடத்தில் ஈரம் கண்டதும் "சன்ரூஃப் ஒழுகுது" என்று தீர்ப்புச் சொல்வார்கள். இந்த வண்டிக்கு ஒழுக வேறு வழிகளும் உண்டு: முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றுப் பெட்டி, முன் கண்ணாடி ரப்பர், பின்கதவு ரப்பர், பின் விளக்கின் கேஸ்கெட். அதனால் முதலில் சன்ரூஃப் சட்டத்தைச் சுற்றி அகலமான டேப்பை ஒட்டி மூடுங்கள். கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுங்கள், ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம். பீய்ச்சி அடிக்கக் கூடாது, மழை மாதிரி விழ வேண்டும். உள்ளே ஒருவர் டிஷ்யூ பேப்பரோடு உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கட்டும். இதிலேயே ஈரம் வந்தால் அது சன்ரூஃபின் குற்றமல்ல. பிறகு டேப்பை உரித்துவிட்டுக் கூரையில் மட்டும் தண்ணீர் விடுங்கள். கடைசியாக வண்டியை மூக்கு கீழே இருக்கும்படி சரிவில் நிறுத்தி இன்னொரு தடவை. டர்பனில் சரிவுக்கா பஞ்சம்? சமதளத்தில் ஒழுகாதது சரிவில் ஒழுகும்.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பதும், கூரை லைனிங்கில் பழுப்பு வட்டம் தேடுவதும், மூடி வைத்த வண்டியின் கதவைத் திறந்தவுடன் முகர்ந்து பார்ப்பதும் உங்களுக்கே தெரியும்.

நாளைக்கு நீங்கள் வேறு வண்டி பார்க்கப் போய், அதில் கூரைக்குள் மறைகிற சன்ரூஃப் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். தட்டின் நாலு மூலையிலும் ஒரு சின்னக் கப் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று குனிந்து பாருங்கள். கம்பெனிக் குழாய் தூண்களுக்குள் இறங்கி வெளியே விடும். வெளியே போட்டவர்கள் சிலர் குழாயைத் தூணுக்குள் விட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஊற்றின தண்ணீர் எங்கும் வரவில்லையென்றால் அது சில்லுக்குள் நிற்கிறது, சில் உள்ளிருந்து அழுகிக்கொண்டிருக்கிறது.

வண்டி ஜோஹன்னஸ்பர்க், ப்ரிட்டோரியா பக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னால் பலரும் துரு இருக்காது என்று சந்தோஷப்படுவார்கள். அது ஓரளவு நிஜம், அங்கே காற்று வறண்டது. ஆனால் அங்கே குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மழையே பெய்யாது, ஒழுகல் இருந்தாலும் வெளியே வந்திருக்காது. இங்கே கொண்டுவந்த முதல் கோடை மழையில் வந்துவிடும். இன்னொன்று, அந்தப் பீடபூமியில் ஆலங்கட்டி மழை அடிக்கும். கூரைதான் முதலில் அடி வாங்கும், அதற்குமேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மெல்லிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கூரை முழுக்க நகர்த்துங்கள், பிடி தளர்கிற இடத்தில் பட்டி இருக்கிறது. பெயிண்ட் கனம் அளக்கிற கருவி யாரிடமாவது கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் வரும், மறுபடி அடித்தது அதைப்போல இரண்டு மடங்கு, 500 தாண்டினால் அடியில் பட்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதே காந்தம் இன்னொரு ஏமாற்றையும் காட்டிக்கொடுக்கும். சன்ரூஃபை எடுத்துவிட்டு ஓட்டையை ஃபைபர்கிளாஸ் வைத்து மூடி, மேலே பட்டி இழைத்து, "கூரை அசல்" என்று விற்கிறவர்கள் உண்டு. எழுபதுகளின் வண்டிகளில் வினைல் ஒட்டின கூரை இருந்தால் மறைப்பது இன்னும் சுலபம். வினைலுக்கு மேலேயே காந்தம் வேலை செய்யும், நல்ல காந்தமாகக் கொண்டுபோங்கள்.

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டத்தில் தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ இருக்கிறதா என்று தேடுங்கள். வெபாஸ்டோ, ஹாலண்டியா மாதிரி பெயர் தெரிந்த கம்பெனியாக இருந்தால் ரப்பரோ கைப்பிடியோ தேடவாவது ஒரு வழி இருக்கும். பெயரே இல்லாத கிட் என்றால் கண்ணாடி உடைந்தால் அளவெடுத்துச் செய்யத்தான் வேண்டும். கண்ணாடியின் ஓரத்தில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான முத்திரை, அதாவது வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் எண்ணும், அல்லது எஸ்ஏபிஎஸ் என்கிற தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பின் குறி இருக்க வேண்டும். எந்த முத்திரையும் இல்லையென்றால் சாதாரண ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டிருக்கலாம், தலைக்கு மேலே அதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

இனி, கெட்டிருந்தால் என்ன செலவு என்று பார்ப்போம். "ஓட்டைக்கு ஒரு தகடு வைத்து வெல்டிங் பண்ணிவிட்டால் போச்சு" என்று எவராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். கூரை என்பது பெரிய, மெல்லிய, லேசான வளைவு மட்டுமே உள்ள தகடு. நடுவில் சூடு வைத்தால் சுருங்கி அலையலையாக இழுத்துக்கொள்ளும். வளைவு குறைவாக இருப்பதால் அந்த அலையை மறைக்கவே முடியாது, ட்யூப் லைட் வெளிச்சத்தில் கூரையைப் பார்த்தாலே நெளிவு தெரியும். கடைசியில் அரை அங்குலம் பட்டி போட்டுத்தான் நிரவுவார்கள், சில வருட வெயிலில் அது வெடிக்கும். சரியான வழி, இன்னொரு வண்டியின் கூரைத் தகட்டை முழுசாக எடுத்து, ஸ்பாட் வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்றி, தொழிற்சாலை இணைத்த அதே இடங்களில் இணைப்பது. அதற்கு முன் கண்ணாடி, பின்கதவு, கூரை லைனிங் எல்லாம் இறங்க வேண்டும், பெயிண்ட்டும் கூரையோடு நிற்காது. 240 இசட்டுக்கு அப்படிக் கூரை கொடுக்க ஒரு வண்டி கிடைப்பதும் லேசில்லை. அதனால் விலை பேசும்போது நல்ல பேனல் பீட்டர் ஒருவரிடம் இந்த முழு வேலைக்கு எழுத்தில் மதிப்பீடு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்க அதைவிட நல்ல வாதம் இல்லை.

ஆனால் விளிம்பு சுத்தமாக இருந்து, குறுக்குச் சட்டம் அறுபடாமல் இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சன்ரூஃபை மூடவே மாட்டேன். சட்டத்தை இறக்கி, விளிம்பைத் துரு நீக்கி, எப்பாக்சி ப்ரைமர் வைத்து, புது பியூட்டைல் பட்டையும் புது ரப்பரும் போட்டு உட்கார வைப்பேன். ஒரு வாரக் கடைசியில் முடிகிற வேலை. போட்டிக்கு வைக்கிற வண்டியாக வேண்டும் என்பவர்களுக்கு அசல் கூரை வேண்டும், அவர்கள் அதற்கேற்ற விலை கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டோங்காட் வரைக்கும் ஓட்டிப் போய் வர நினைக்கிற ஆளுக்கு, நல்ல தகட்டில் நன்றாக உட்கார்ந்திருக்கிற சன்ரூஃப் ஒரு குறையே அல்ல. அசலான வண்டியை விட அதை மலிவாக வாங்க முடிவது உங்களுக்கு லாபம்தான். எனக்கு இந்த வண்டிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பதை விட ரோட்டில் ஓடுவதுதான் பிடிக்கும்.

கையெழுத்துப் போடும் முன் சட்ட விதிகளையும் யோசியுங்கள். தனியாள் விற்கிற வண்டி பெரும்பாலும் ஃபூட்ஸ்டூட்ஸ் என்ற நிபந்தனையோடுதான் வரும், இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். விற்றவர் குறையைத் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் அவரைப் பிடிக்க முடியும். ஆகவே "ஒரு சொட்டும் ஒழுகாது" என்று அவர் சொல்வதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது எழுதி வாங்குங்கள். டீலரிடம் வாங்கினால் 2008ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை குறைக்குப் பரிகாரம் கேட்கலாம். ஆனால் "சன்ரூஃப் ஒழுகும்" என்று டீலர் தெளிவாக எழுதி, நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் குறைக்குக் கேட்க முடியாது. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்கிற ரோட்வர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள், சோதனை நிலையத்தில் யாரும் உங்களுக்காகச் சன்ரூஃப் வளையத்தைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சன்ரூஃப் பிற்பாடு போட்டது என்று சொல்லி, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றத்தைக் காரணம் காட்டிப் பிற்பாடு பணத்தை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

மறுபடி ஃபீனிக்ஸுக்குப் போகும்போது டார்ச், சின்னக் கண்ணாடி, காந்தம், அகல டேப், ஸ்க்ரூடிரைவர், கூட ஒரு ஆள், இவை இருந்தால் போதும். வளையம் இறங்கினதும் நாலு மூலையையும், குறுக்குச் சட்டம் போகிற இடத்தையும் கிட்டத்திலிருந்து படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. சட்டம் அறுபட்டிருக்கிறதா என்பதைப் படத்திலேயே சொல்லிவிடலாம். அதற்கு முன் அட்வான்ஸ் மட்டும் கொடுக்காதீர்கள்.